ஷீபா பேர் போட்ட டப்பா

பிரிஸ்கில்லா முறுக்கிய முறுக்கில் ஸ்கூட்டி ஒருமுறை முக்கிவிட்டுச் சீறிக் கிளம்பியது. ஹெல்மெட்டின் வார் கட்டப்படாமல் கழுத்தோரம் படபடத்தது. நின்று கட்ட நேரமில்லை.

முன்னால் எங்கோ ஒரு மஞ்சள் ஆட்டோ காஞ்சிபுரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி. பக்கத்தில் அவளுடைய மாமியார். ஆட்டோ எந்த வாசலில் போய் நிற்கப்போகிறது என்பது பிரிஸ்கில்லாவுக்குத் தெரியாது. எதற்காகப் போகிறது என்பது தெரியும். அது போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தப் பிள்ளை இல்லை.

தகவல் வந்த வழியே தனி. ஆட்டோ ஓட்டுகிற மக்பூல், வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே தன் அம்மா அமீனா பீவிக்குப் போன் போட்டு உருதுவில் பேசியிருக்கிறான். பின்சீட்டில் இருந்தவர்களுக்கு அது ஏதோ கடைச் சரக்குச் சமாச்சாரம். உத்திரமேரூர் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் அமீனா பீவி, அந்தப் போனை வைத்த கையோடு கிராம செவிலியரான பிரிஸ்கில்லாவைக் கூப்பிட்டார். திருப்புலிவனம் சிட்டம்மாள் மருமகளைக் கலைக்கக் கூட்டிப் போகிறாள், பெண் அழுதுகொண்டே வருகிறது, என் பிள்ளை எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டுவான், நீ பறந்து போ என்றார்.

பிரிஸ்கில்லா பறந்தாள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முதல் தடுப்பூசி போட்டவள் அவள். நாய் துரத்தியும் போட்டிருக்கிறாள், மாமனார்கள் துரத்தியும் போட்டிருக்கிறாள். ஒரு வேலையைக் கையில் எடுத்தால் அது முடியாது என்று நினைத்துப் பார்க்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது.

திருப்புலிவனம் கோயில் மதில் வந்து பின்னால் போனது. காவாந்தண்டலத்துக்குப் பிரிகிற இடத்துக்குச் சற்று முன்னால், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டோரமாக ஊர்ந்தது. அதன் பின்னால் பவ்யமாக ஒட்டிக்கொண்டு போனது மக்பூலின் ஆட்டோ. ஒரு லாரியே முந்திப் போகிற அளவுக்கு இடம் இருந்தது. அவன் முந்தவில்லை.

பிரிஸ்கில்லா மண் ஓரத்தில் இறங்கி, கருவேல முள் கையைக் கீற, ஆட்டோவைத் தாண்டி அதன் மூக்குக்கு நேரே குறுக்கே வண்டியை நிறுத்தினாள். அதற்காகவே காத்திருந்தவன் போல மக்பூல் பிரேக்கை மிதித்தான்.

"இன்னா சிஸ்டர், வந்து வுயறதுக்கு என் ஆட்டோதான் கெடைச்சுதா?" என்றான். முகத்தில் ஆச்சரியம் கொஞ்சம் கூடுதலாகவே வழிந்தது.

சிட்டம்மாள் வெளியே தலையை நீட்டினாள். கழுத்து நரம்பு புடைக்க, வண்டியை எடுடா என்றாள். மக்பூல் எதையோ திருகுவது போலத் திருகினான்.

"ஸ்டார்ட் ஆவல ஆயா."

"ஆயான்னு கூப்புடாத. எனக்கு இன்னும் பேரப்புள்ள பொறக்கல."

"பொறக்கணும்னுதான்க்கா நானும் தொரத்திக்கினு வரேன்," என்றாள் பிரிஸ்கில்லா.

சிட்டம்மாளுக்குப் பக்கத்தில் மருமகள் ஷீபா, ஆட்டோவின் குறுக்குக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

விஷயம் இதுதான். மழை ஓய்ந்த கையோடு திருப்புலிவனத்தில் ஒரே தெருவில் நாலைந்து பேருக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் செந்தடிப்பு, கண் சிவப்பு. படுத்து எழுந்து எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனால் ரத்தத்தைச் சோதித்தபோது ஜிகா என்று வந்தது. பகலில் கடிக்கிற, நல்ல தண்ணீரில் முட்டையிடுகிற கொசு சுமந்து வருகிற கிருமி அது. மற்றவர்களை லேசாகத் தொட்டுவிட்டுப் போய்விடும். கர்ப்பிணியைத் தொட்டால் வயிற்றுப் பிள்ளையின் மூளைவரை போகலாம். பிள்ளை தலை சிறுத்துப் பிறக்கலாம்.

சுகாதாரத் துறை உடனே முகாம் போட்டது. வெளியூரிலிருந்து வந்த பணியாளர்கள் கர்ப்பிணிகள் இருக்கிற வீடுகளில் பேர் ஒட்டிய டப்பாவைக் கொடுத்து, சிறுநீர் வாங்கிச் சென்னைக்கு அனுப்பினார்கள். எல்லாருக்கும் இல்லை என்று பதில் வந்தது. ஷீபா பேர் போட்ட டப்பாவில் மட்டும் கிருமி இருந்தது.

அந்தப் பதிலைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் பிரிஸ்கில்லா. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சிட்டம்மாள் வீட்டை ஒட்டிய கொட்டகையிலிருந்து நெற்றியில் குங்குமமும் கையில் காலிச் சொம்புமாக வெளியே வந்தாள். அவள் மகன் கலைச்செல்வன் வாடகைப் பாத்திரமும் பந்தலும் விடுகிறவன். சாமான்களெல்லாம் அந்தக் கொட்டகையில்தான் இருக்கும். மருமகள் எங்கே என்று கேட்டதற்கு, சொந்தத்தில் கல்யாணம், போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றாள் சிட்டம்மாள். கிருமி இருந்தது என்பதாலேயே பிள்ளைக்குக் கெடுதல் என்று அர்த்தமில்லை, பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கின்றன, ஸ்கேனில் தலையை அளந்து பார்த்துக்கொண்டே வரலாம் என்று பிரிஸ்கில்லா நிறுத்தி நிதானமாக எடுத்துச் சொன்னாள். சிட்டம்மாள் காதில் கிருமி இருந்தது என்கிற முன்பாதி மட்டும்தான் விழுந்தது. பின்பாதியைத் தெருக்காரர்கள் போனில் காட்டிய, தலை சிறுத்த பிள்ளைகளின் படங்கள் விழுங்கிவிட்டன.

முந்தாநாள் ஷீபா வீடு திரும்பியதும் பிரிஸ்கில்லா போய் ரத்தம் எடுத்து அனுப்பினாள். காஞ்சிபுரத்தில் ஸ்கேனுக்கும் சொல்லி வைத்தாள். இன்றைக்குத்தான் அந்த ஸ்கேன். அதற்குள் சிட்டம்மாள் வேறு வாசலைத் தேடிக் கிளம்பிவிட்டாள்.

இப்போது ரோட்டோரத்தில் அவள் குரல் இறங்கி வந்தது.

"எந்தம்பி வேதகிரி அப்பிடி தலை சிறுத்துதான் பொறந்தான் நர்சம்மா. கழனி வேலைக்குப் போற எடத்துக்கெல்லாம் இடுப்புல வச்சிக்கினு போனவ நான். மீசை மொளைக்கற வரைக்கும் தூக்கினேன். அவன் பட்டது எனக்குத் தெரியும். நான் பட்டதும் தெரியும். உனக்கு இன்னா தெரியும்?"

பிரிஸ்கில்லா குனிந்து ஆட்டோவுக்குள் பார்த்தாள்.

"ஷீபா, நீ சொல்லும்மா. உனக்கு இதுல சம்மதமா?"

ஷீபா தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள். கம்பியைப் பிடித்த கை இன்னும் இறுகியது.

"அவ்ளோதான்க்கா. வயிறு அவளுது. தலை சரியா இருக்கும்னு நான் சத்தியம் பண்ணல. பார்க்காம முடிவு பண்ணாதன்னு சொல்றேன். ஸ்கேன் ரூமுக்குள்ள நீயே வா. உன் கண்ணால பாரு. அப்புறம் டாக்டர் என்ன சொல்றாங்களோ, அதைக் கேட்டு ஷீபா சொல்லட்டும்."

சிட்டம்மாள் கரும்பு டிராக்டர் போன திசையைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி வண்டியை எடு என்றாள், எந்த இடத்துக்கு என்று சொல்லாமலே.

ஆட்டோ சட்டென்று ஸ்டார்ட் ஆனது. டிராக்டரை மூன்றாவது வளைவிலேயே முந்தியது. பின்னால் ஸ்கூட்டியில் வந்த பிரிஸ்கில்லாவுக்கே அதைப் பிடிக்க மூச்சு வாங்கியது.

*

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது பிரிஸ்கில்லா கலைச்செல்வனுக்குப் போன் போட்டாள். செய்யாறு பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்குப் பாத்திரம் இறக்கப் போனவன் அங்கேயே தங்கி நாளாகிவிட்டது. பரிசோதனையில் வந்த பதில் எதுவும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆம்பளைக்கு எதற்கு இந்தப் பேச்செல்லாம் என்று அம்மா சொல்லாமலே விட்டிருக்கிறாள். ஸ்கேன் எடுக்கிறார்கள், உடனே வா என்று மட்டும் பிரிஸ்கில்லா சொன்னாள். மறுமுனையில் திருவிழாச் சமையல் அடுப்பின் சத்தம் நின்று, குட்டியானைச் சரக்கு வண்டி உறுமுவது கேட்டது.

உள்ளே கூப்பிட்டார்கள். ஸ்கேன் டாக்டர் இளவயசுப் பெண். அதிகம் பேசாதவர். ஷீபாவின் வயிற்றில் ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து அழுத்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ புரண்டது. சிட்டம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். திரையைப் பார்க்கவே இல்லை. தரையில் டைல்ஸ் சேருகிற கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஒரு வட்டத்தைப் பிடித்து நிறுத்தினார். இந்தப் பக்கம் அளந்தார், அந்தப் பக்கம் அளந்தார். திருப்தியில்லாதவர் போல மறுபடி அளந்தார்.  எந்த வேலையையும் சந்தேகப்பட்டே பழக்கமில்லாத பிரிஸ்கில்லாகூட டாக்டரின் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தலை, மாசத்துக்குத் தகுந்த அளவுல சரியா இருக்கு," என்றார் டாக்டர். "மூளையும் நல்லா இருக்கு. முதுகெலும்பு, இதயம் எல்லாம் பார்த்துட்டேன்."

ஷீபாவின் கண்ணோரத்திலிருந்து ஒரு கோடு இறங்கி காதுக்குள் போனது.

சிட்டம்மாள் மெல்லத் தலையைத் தூக்கினாள். "அந்த ரவுண்டுதான் தலையா?"

"அதுதான்."

"நல்லா பெர்சாத்தான கீது?"

"இருக்க வேண்டிய அளவுக்கு இருக்கு."

சிட்டம்மாள் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தொடப்போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு இன்னொரு தரம் அளக்கச் சொல்லி டாக்டரைக் கேட்டாள். டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். இன்னொரு தரம் அளந்தார்.

அந்த நேரம் பார்த்து டாக்டரின் போன் அடித்தது. ஆய்வகத்திலிருந்து. கேட்டுக்கொண்டே போனவரின் நெற்றி சுருங்கியது. போனை வைத்துவிட்டுப் பிரிஸ்கில்லாவைப் பார்த்தார்.

முந்தாநாள் எடுத்த ரத்தத்தின் பதில் அது. ஜிகா ஒரு உடம்புக்குள் வந்துபோனால் அதை எதிர்த்து நின்ற தடம் ரத்தத்தில் தங்கும். டப்பாவில் கிருமி இருந்த ஆளின் ரத்தத்தில் இந்நேரம் அந்தத் தடம் இருந்தே ஆகவேண்டும். ஷீபாவின் ரத்தத்தில் இல்லை. மறுபடி ஓட்டிப் பார்த்தும் இல்லை.

"இந்தப் பொண்ணுக்கு ஜிகா வரவே இல்ல சிஸ்டர்," என்றார் டாக்டர். "அந்த டப்பாவுல இருந்தது இவங்களோடது இல்ல."

பிரிஸ்கில்லா ஷீபாவைப் பார்த்தாள். அவளோ விழித்தாள். தான் எந்த டப்பாவும் கொடுத்ததாகவே அவளுக்கு நினைவில்லை. மாதாந்திரச் சோதனையில் எடுத்த ரத்தத்தில்தான் ஏதோ வந்திருக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள் போலிருக்கிறது. பிரிஸ்கில்லா சிட்டம்மாள் பக்கம் திரும்பினாள். சிட்டம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாங்க இன்னாத்துக்கு மாத்தித் தரோம்? எம்புள்ளதான் போய் எடுத்தாந்தான். கேட்டுப் பாரு."

"எங்க போய் எடுத்தாந்தான்க்கா?"

கேள்வி சாதாரணமாகத்தான் விழுந்தது. சிட்டம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். வீட்டுக்குள் இருக்கிற மருமகளிடம் டப்பா வாங்க யாரும் எங்கேயும் போக வேண்டியதில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முகாம் நடந்த அன்று ஷீபா ஊரிலேயே இல்லை. வீட்டில் ஒரு சண்டை. அதற்குப் பல நாள் முன்பே கோபித்துக்கொண்டு தாமலில் இருக்கிற அப்பா ஞானதாஸ் வீட்டுக்குப் போய்விட்டாள். அதாவது தெருவில் முதல் ஆள் காய்ச்சலில் படுப்பதற்கும் முன்னால். பிள்ளையுண்டாகி இருக்கிற மருமகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று தெரிந்தால் தெரு சிரிக்கும். அதனால் முகாம்காரர்களிடம், குளிக்கிறாள், கொஞ்சம் பொறுங்கள், நாங்களே கொண்டுவந்து தருகிறோம் என்று சொல்லி, டப்பாவை மகன் கையில் கொடுத்து, தாமலுக்கு பைக்கில் விரட்டியிருக்கிறாள் சிட்டம்மாள். முந்தாநாள் தானே நேரில் போய், நல்ல வார்த்தை சொல்லி மருமகளைக் கூட்டிவந்தவளும் அவள்தான். எதற்காகக் கூட்டிவந்தாள் என்பது இன்று காலைவரை ஷீபாவுக்குத் தெரியாது.

"அப்போ டப்பா தாமலுக்குப் போச்சா இல்லையா?" என்றார் டாக்டர்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன், உடம்பெல்லாம் அடுப்புக் கரியும் வேர்வையுமாக அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றான். பின்னாலேயே, வேடிக்கையைத் தவறவிட மனசில்லாமல், மக்பூல்.

பிரிஸ்கில்லா விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். கலைச்செல்வனின் முகம் போன போக்கைப் பார்த்தே பாதி புரிந்துவிட்டது.

"தாமல் ஏரிக்கரை வரைக்கும் போனேன் சிஸ்டர்," என்றான். "அதுக்கு மேல கால் போவல. சண்டை போட்டு அனுப்பிச்சிட்டு, மாமியார் வூட்டு வாசல்ல போய் நின்னு, டப்பாவ நீட்டி, உங்க பொண்ணோட மூத்திரம் குடுங்கன்னு எந்த மூஞ்ச வச்சிக்கினு கேக்கறது? புளியமரத்தாண்ட வண்டிய நிறுத்தினேன். யாருது ஊத்தனா இன்னா, எல்லாம் ஒண்ணுதானன்னு..."

மக்பூல் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

அந்த நாட்களில் உடம்பில் தடிப்பு ஏதாவது வந்ததா என்று டாக்டர் கேட்டார். வந்தது, வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டேன் என்றான் கலைச்செல்வன். டாக்டர் அடுத்துக் கேட்ட கேள்வியில்தான் சிரிப்பு இல்லை. இந்தக் கிருமி கொசு வழியாக மட்டும் போவதில்லை, புருஷனிடமிருந்து பெண்டாட்டிக்கும் போகும். சண்டைக்கு அப்புறம் இருவரும் ஒன்றாக இருந்தீர்களா?

இல்லை. அவள் போனபிறகு அவன் அவளைப் பார்ப்பதே இப்போதுதான். அவள் திரும்பி வந்தபோது அவன் செய்யாற்றில் இருந்தான். ஊருக்குத் தெரியாமல் மூடி மறைக்கப் பாடாய்ப் பட்டார்களே, அந்தச் சண்டைதான் வயிற்றுப் பிள்ளையை இத்தனை நாளும் கொசுவிடமிருந்தும் கிருமியிடமிருந்தும் தள்ளி வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. பிள்ளை பிறக்கும்வரைக்கும் பாதுகாப்பு இல்லாமல் சேரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

"மொதல்ல எங்கூட பேசட்டும் மேடம்," என்றான் கலைச்செல்வன், ஷீபாவைப் பார்க்காமல்.

சிட்டம்மாள் இதற்குள் பழைய சிட்டம்மாளாகிவிட்டாள். போகிற வழியில் பூ வாங்க வேண்டும் என்றாள். வீட்டுக்குப் போனதும் மருமகளுக்குச் சுற்றிப் போட வேண்டும் என்றாள். அழுது முகம் வீங்கினவளை இனிமேல் வீட்டு வேலை எதுவும் செய்ய விடப்போவதில்லை என்றும் சொன்னாள். ஷீபாவின் தோளைப் பிடித்து எழுப்பப் போனாள்.

"வூட்டுக்கா? அங்க வேணாம்க்கா," என்றாள் பிரிஸ்கில்லா. "அவ தாமலுக்கே போகட்டும்."

சிட்டம்மாள் முகம் சுருங்கியது. பிரிஸ்கில்லா பொறுமையாக விளக்கினாள். கலைச்செல்வனை எங்கோ ஒரு கொசு கடித்திருக்கிறது. தெருவில் மற்றவர்களையும் அதே கொசுக் கூட்டம்தான் கடித்திருக்கிறது. கொசு ஒழிப்புக்காரர்கள் மூன்று சுற்று வந்துவிட்டார்கள். டிரம், தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டை ஒன்று விடாமல் கவிழ்த்தாயிற்று. பூட்டிக் கிடந்த கொட்டகைகளைக்கூட ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்கள். எங்கே முட்டையிடுகிறது என்று பிடிபடவில்லை. அது தெரியாமல் ஷீபாவை அந்தத் தெருவுக்குள் விட முடியாது. தாமலில் பத்திரமாக இருந்த பிள்ளையை, கொண்டுபோய்க் கொசுவின் வாயில் வைப்பதா?

எங்கள் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காது, வேண்டுமானால் வந்து பார் என்றாள் சிட்டம்மாள். கலைச்செல்வனும் ஆமாம் என்றான். ஆனால் அந்த ஆமாம் பாதியிலேயே தேய்ந்தது. அவன் கண் ஒரு நொடி ஷீபா பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

பிரிஸ்கில்லா அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா, சண்டை எதுக்கு வந்துச்சு?"

சும்மா வாய்ச்சண்டை என்றாள் சிட்டம்மாள். எல்லா வீட்டிலும் வருகிறதுதானே என்றான் கலைச்செல்வன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பிரிஸ்கில்லா அவர்களைப் பார்க்கவில்லை. காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசாத ஷீபாவுக்கு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஷீபா கையில் சுருட்டியிருந்த முந்தானையை உதறி விரித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ஒரு கையை வயிற்றின்மேல் வைத்தாள். 

"நீங்கதான சிஸ்டர் மாசமா இருக்கறவங்க கூட்டத்துல சொன்னீங்க, ஒரு சொம்புத் தண்ணி நின்னாலே போதும், கொசு வந்துரும்னு. எங்க கொட்டாயில மூலையில பெரிய அண்டா ஒண்ணு கீது. இவரு கூலிக்குப் போய்ச் சேத்து வாங்கின மொத அண்டா. அத வாடகைக்கு வுட மாட்டாங்க. கவுக்க மாட்டாங்க, காலியாவும் வைக்க மாட்டாங்க, யாவாரம் வத்திப்பூடும்னு. வெள்ளிக்கெயம ஆனா அத்தை அதுல ஒரு சொம்புத் தண்ணி ஊத்துவாங்க. பயசக் கொட்டறதே இல்ல. மேல சும்மா ஒரு தாம்பாளம். நான் அத நவுத்திப் பாத்தேன். உள்ள புழு நெளிஞ்சிக்கினு கீது."

 சிட்டம்மாளின் வலது கை, சொம்பு பிடிக்கிற கை, தானாக முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"கவுத்துக் கொட்டிடுங்கன்னு சொன்னேன்," என்றாள் ஷீபா. "யாவாரத்தக் கவுக்க வந்த சர்ச்சுக்காரின்னு சொல்லி, அதுக்குத்தான் என்னைத் தாமலுக்கு அனுப்பினாங்க."